வெட்டுக்கிளி வரும்வரை காத்திருப்பது எப்படி?

மேற்கு ராஜஸ்தானிலோ வடக்கு குஜராத்திலோ ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்று பலகை தொங்கும் அறையில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். வாழ்த்துகள். மேசையின் அடி இழுப்பறையில், பாலைவன வெட்டுக்கிளிக்கான அவசரகாலத் திட்டம் என்று ஒரு கோப்பு கிடக்கும். தயவுசெய்து அதைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் படிக்கத் தோன்றும். படித்தால் ஏதாவது செய்யத் தோன்றும். வானத்தில் ஒரு பூச்சிகூட இல்லாத நாளில் பூச்சிக்கென்று பணம் கேட்டு எழுதுகிற அதிகாரியை நிதித்துறையில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே காத்திருங்கள். காத்திருப்பதற்கும் ஒரு முறை உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு. எந்தத் தாமதத்துக்கும் ஒரு முன்னுதாரணம் வேண்டும். நம்மிடம் அருமையான ஒன்று இருக்கிறது. 1926 முதல் 1931 வரை வெட்டுக்கிளிகள் இந்தியாவின் வடமேற்கைச் சூறையாடின. அன்றைய பண மதிப்பிலேயே சுமார் 10 கோடி ரூபாய் நஷ்டம். கூட்டம் ஓய்ந்தது 1931-ல். வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு பிறந்தது 1939-ல். இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் சும்மா இருந்தார்கள் என்று சொன்னால் அது அநியாயம். கோவையில் பூச்சியியல் பணியில் இருந்த ஒய். ராமச்சந்திர ராவ் பலுசிஸ்தானத்துக்கும் சிந்துவுக்கும் போய், இந்தப் பூச்சி எங்கே முட்டையிடுகிறது, எந்த மழைக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஆண்டுக்கணக்கில் மணலில் அலைந்து குறித்துவைத்தார். மருந்தடிப்பதைவிட மழையைக் கவனிப்பது முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள அந்தக் குறிப்புகள் போதும். அவருடைய பெரிய நூல் 1960-ல் வெளிவந்தது; நல்ல கனமான புத்தகம், காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைக்கலாம்.

அமைப்பு தொடங்கிய மறு வருடமே, 1940-ல், அடுத்த படையெடுப்பு ஆரம்பித்து 1946 வரை நீடித்தது. அதாவது ஒரே ஒரு வருடம் பூச்சியை முந்திவிட்டோம். அப்படி ஒரு அவசரம் இனி நடக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இன்று அந்த அமைப்புக்கு ஜோத்பூரில் களத் தலைமையகம் இருக்கிறது. பிகானேர், ஜெய்சல்மேர், பார்மேர், ஜாலோர், பலோடி, நாகௌர், சூரத்கர், சூரு என்று ராஜஸ்தானில் எட்டு வட்ட அலுவலகங்கள். பாலன்பூர், புஜ் என்று குஜராத்தில் இரண்டு. பார்த்துக்கொள்ள வேண்டிய பாலைநிலம் சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப்போல் ஒன்றரை மடங்கு. 1993-க்குப் பிறகு பெரிய அளவில் பூச்சி வந்தது 2019-ல்தான். இந்த 26 ஆண்டு இடைவெளிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய வரம். 1993-ல் தெளிப்பானைத் தோளில் மாட்டிய இளைஞர் 2019-ல் ஓய்வு பெறும் வயதில் இருப்பார். அவர் போகும்போது சால்வை போர்த்தி, ‘இவரது அனுபவம் நமக்குப் பெரும் சொத்து’ என்று பேசி அனுப்பிவிடுங்கள். அந்த அனுபவத்தை எழுதி வாங்கிவிட வேண்டாம். அவருடைய இடத்தை நிரப்பவும் வேண்டாம். பூச்சியே இல்லாதபோது ஆள் எதற்கு என்று தணிக்கையில் கேட்பார்கள். ஜீப்பைத் தேர்தல் பணிக்குக் கொடுங்கள். தெளிப்பானைக் கிடங்கில் வைத்துப் பூட்டுங்கள்.

நிதித்துறையோடு பேசும்போது ஒரு கணக்கை மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். 2003-05-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் வெட்டுக்கிளியை அடக்கச் செலவான பணம் சுமார் 57 கோடி டாலர். அதே பணத்தைக் கொண்டு அந்தப் பகுதியில் 170 ஆண்டுகளுக்கு முன்னெச்சரிக்கைக் கண்காணிப்பை நடத்தியிருக்கலாம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்குப் போட்டுச் சொன்னது. 170 ஆண்டு எந்தத் திட்டக்காலத்திலும் அடங்காது. தவிர, வராமல் தடுத்த வெட்டுக்கிளியைப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட முடியுமா? வந்த வெட்டுக்கிளியை எடுக்கலாம். கூடவே அமைச்சர் நிற்கலாம்.

அதே உணவு வேளாண்மை அமைப்பு ரோமிலிருந்து மாதந்தோறும் ஒரு அறிக்கை அனுப்பும். அதில் நான்கு நிறங்கள். பச்சை என்றால் அமைதி, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, ஆரஞ்சு என்றால் அச்சுறுத்தல், சிவப்பு என்றால் ஆபத்து. பச்சையைப் பார்த்ததும் கோப்பில் சேர்க்கவும். மஞ்சளுக்கு ‘தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று கீழே ஒரு சுற்றறிக்கை விடவும். எது தக்கது என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அதற்குப் பணம் கேட்பார்கள். ஆரஞ்சுக்கு ஆய்வுக் கூட்டம். சிவப்பு வந்துவிட்டால் நிம்மதி. இனி யாரும் உங்களை ஏன் என்று கேட்க மாட்டார்கள், எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

நிறம் பச்சையாக இருக்கும்போதே எங்கோ வேலை நடந்துகொண்டிருக்கும் என்பதுதான் இதில் இருக்கும் ஒரே சிக்கல். 2018 மே மாதம் மெகுனு புயல் அரபு தீபகற்பத்தின் ரப் அல் காலி பாலைவனத்தில் மழையைக் கொட்டியது. மணல் மேடுகளுக்கு நடுவே ஏரிகள் தோன்றின. அதே ஆண்டு அக்டோபரில் லூபான் புயல் இன்னொரு முறை கொட்டியது. ஈர மணலும் இளம் பச்சையும் கிடைத்தால் வெட்டுக்கிளி மூன்று மாதத்தில் இருபது மடங்கு பெருகும். ஒன்பது மாதத்தில் மூன்று தலைமுறை: இருபது, நானூறு, எட்டாயிரம். பள்ளிக்கூடத்துப் பெருக்கல்தான். அந்தப் பாலைவனத்துக்குள் சாலையும் இல்லை, ஊரும் இல்லை. பக்கத்தில் ஏமனில் போர். பார்க்க ஆளில்லை. அங்கிருந்து கிளம்பிய கூட்டத்தின் ஒரு பகுதி ஈரான், பாகிஸ்தான் வழியாக 2019 மே மாதம் ஜெய்சல்மேர் பக்கம் வந்து இறங்கியது. ஓமானில் பெய்த மழைக்கு ராஜஸ்தானின் சீரக வயல் பதில் சொல்லும் என்று எந்த மாவட்டத் திட்டத்தில் எழுத முடியும்? எழுதினால் மேலிடத்தில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான் உங்கள் திட்டம் மாவட்ட எல்லையோடு நின்றுவிட வேண்டும்.

பூச்சியைப் பற்றியும் ஓரிரு விஷயம் தெரிந்திருந்தால் கூட்டத்தில் பேச உதவும். பாலைவன வெட்டுக்கிளி பிறவியிலேயே கூட்டம் சேர்க்கிற ஜாதி இல்லை. தனியாக இருக்கும்வரை சாது. குஞ்சு பச்சை நிறத்தில், ஒன்றை ஒன்று கண்டால் விலகிப் போகும். மழைக்குப் பிறகு வந்த பசுமை காய்ந்து, மிச்சமிருக்கும் நாலு செடிக்கு எல்லாம் வந்து நெருங்கும்போதுதான் வினை. பின்னங்காலோடு பின்னங்கால் உரச உரச உடம்பில் செரடோனின் ஏறும். சில மணி நேரத்தில் அதே பூச்சி கூட்டத்தைத் தேட ஆரம்பிக்கும். ஆய்வுக்கூடத்தில் இதைத் தூரிகையால் பின்தொடையை வருடிக்கொண்டே இருந்து நிரூபித்தார்கள். குஞ்சுகள் மஞ்சளும் கறுப்புமாக நிறம் மாறி, சேனைபோல ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். சிறகு முளைக்காத இந்தச் சில வாரங்கள்தான் மனிதனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. தரையில் நடக்கிற பூச்சியை எதிர்கொள்ளக் குறைந்த மருந்து போதும். மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தைத் தூவினால்கூடப் போதும், சோமாலியாவில் அதைச் செய்தார்கள். அது மெதுவாகக் கொல்லும், ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். முன்கூட்டியே கிளம்புகிறவர்களுக்கு மட்டும் சரிப்படும். நமக்கு ஆகாது.

நாலு பூச்சி நெருங்கி உட்கார்ந்தால் சில மணி நேரத்தில் குணமே மாறிவிடுகிறது. வேளாண்மை, வருவாய், உள்ளாட்சி, விமானப் போக்குவரத்து என்று நாலு துறையை நாள் முழுக்க ஒரே அறையில் நெருக்கி உட்கார வைத்தாலும் எதுவும் மாறாது. இதற்கு இன்னும் விஞ்ஞான விளக்கம் கிடைக்கவில்லை.

இனி முக்கியமான பகுதி. வெட்டுக்கிளிக் கூட்டம் வந்துவிட்டது. இரவு எப்படி நடக்கும் என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலரும் அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வெட்டுக்கிளி பகலில் பறக்கும். காற்று வாக்கில் ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர்வரை போகும். பொழுது சாய்ந்ததும் இறங்கும். கேஜ்ரி மரம், சீமைக் கருவேலம், ஆமணக்கு, வேலி, மின்கம்பி என்று எது கிடைத்தாலும் அடை அடையாகத் தொற்றிக்கொள்ளும். கிளையின் நிறம் தெரியாது. பாரம் தாங்காமல் மெல்லிய கொம்புகள் தாழ்ந்துவிடும். டார்ச் அடித்தால் ஒரே இளஞ்சிவப்பு. அருகே போனால் காய்ந்த சருகின்மேல் தூறல் விழுகிற மாதிரி சன்னமான சத்தம் மட்டும் கேட்கும். குளிரில் விறைத்திருப்பதால் பறக்காது. மறுநாள் வெயில் ஏறி உடம்பு சூடான பிறகுதான் கிளம்பும். அந்த இரவும் விடியற்காலையும்தான் மருந்தடிக்க நேரம். 96 சதவீத மாலத்தியானைத் தண்ணீர் கலக்காமல், வண்டியில் பொருத்திய கருவியால் மிக நுண்ணிய துளியாகத் தூவ வேண்டும்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விவசாயி ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்சுக்குச் சொல்வார். சர்பஞ்ச் பட்வாரிக்கு. பட்வாரி, நம்மூர் வி.ஏ.ஓ. மாதிரி, கிராமத்தில் அரசாங்கத்தின் கண், அவர் தாசில்தாருக்கு. தாசில்தார் வேளாண் அலுவலரிடம் கேட்பார்: “எத்தனை ஹெக்டேர்?” இருட்டில் யார் அளப்பது? அளக்காமல் எவ்வளவு மருந்து என்று எப்படி ஒப்புதல் தருவது? மணி பத்து. இறங்கியிருக்கும் இடம் பட்டியலிட்ட பாலைப் பகுதிக்கு உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி அடுத்து வரும். உள்ளே என்றால் மத்திய அமைப்பு. வெளியே என்றால் மாநில வேளாண் துறை. கூட்டத்தில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், இரண்டு மணி நேரம் அதிலேயே போய்விடும். நள்ளிரவில் வண்டிக்கு டீசல். இரண்டு மணிக்கு ஓட்டுநர். மணலில் வழி தவறிப் போய்ச் சேரும்போது விடிந்திருக்கும். ஏழு மணிக்குத் தெளிப்பானின் மூடியைத் திறக்கும்போது கூட்டத்தின் ஓரத்தில் சிறகுகள் அசையத் தொடங்கும். ஒன்பது மணிக்கு மரம் காலி. “வெட்டுக்கிளிகள் விரட்டியடிக்கப்பட்டன” என்று அறிக்கை அனுப்பிவிடலாம். அடுத்த மாவட்டத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம், மதியத்துக்குள் அவர்களே பார்த்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் கேலியைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். 2019-20-ல் அந்தப் பத்து அலுவலகங்களின் ஊழியர்கள் இரவு இரவாக மணலில் கிடந்தார்கள். 2019 பருவமழை நீடித்ததால், வழக்கமாக நவம்பரோடு போய்விடும் பூச்சி போகவில்லை. வேலை 2020 பிப்ரவரி 17 வரை இழுத்தது. ராஜஸ்தானிலும் குஜராத்திலுமாக 4 லட்சம் ஹெக்டேருக்கு மேல் மருந்தடித்தார்கள். மூச்சு விடுவதற்குள் ஏப்ரல் 11-ம் தேதி மறுபடியும் ஆரம்பம், அதுவும் ஊரடங்குக்கு நடுவில். அவர்கள்மேல் குறை இல்லை. அவர்கள் கையில் என்ன கொடுத்து அனுப்பினோம் என்பதுதான் கேள்வி. 60 தெளிப்பான்கள் இங்கிலாந்திலிருந்து வர வேண்டியிருந்தது, உலகமே கதவைச் சாத்தியிருந்த ஆண்டில்.

2020-ல் வந்த கூட்டம் இளம் பூச்சி, முட்டையிடும் பருவத்துக்கு வராதது. பாலைவனத்தில் அதற்குத் தின்ன எதுவும் மிச்சமில்லை. அதனால் உள்ளே உள்ளே பறந்தது. மே 25-ம் தேதி ஜெய்ப்பூரின் வீட்டு மாடிகளில். பிறகு மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம். ஜூன் 27-ம் தேதி குருகிராமின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு மேல். ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டம் ஒரு நாளில் 35,000 பேரின் சாப்பாட்டைத் தின்றுவிடும் என்ற கணக்கு ஜெய்சல்மேரில் இருக்கும்வரை புள்ளிவிவரம். குருகிராமுக்கு வந்த அன்று தேசியச் செய்தி. ஆகவே திட்டமிடும்போது பூச்சி தலைநகரின் பக்கம் வருவதற்கும் சிறிது இடம் விட்டுவையுங்கள். ஒதுக்கீடு பிறகு தானாக வரும்.

அதுவரை ஓசை எழுப்பச் சொல்லுங்கள். தட்டு, தகர டப்பா, மேளம், டிராக்டர் சைலன்சர், சில ஊர்களில் கல்யாணத்துக்கு வைத்திருந்த டி.ஜே. வண்டிகூட. செலவு அரசுடையது இல்லை. பார்க்கச் சுறுசுறுப்பாகவும் இருக்கும். சத்தத்துக்குப் பூச்சி எழுந்து போகும் என்பது உண்மைதான். பக்கத்து வயலுக்குப் போகும். அங்கேயும் ஒருவர் தட்டோடு நிற்பார்.

ட்ரோனும் உண்டு. 2020 மே 21-ம் தேதி விமானப் போக்குவரத்து அமைச்சகம் நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. இரவிலும் பறக்கலாம் என்பதற்கு ஜூன் கடைசிவரை ஆனது. பூச்சி இரவில்தான் உட்கார்ந்திருக்கும் என்பது ராமச்சந்திர ராவ் காலத்திலேயே தெரிந்த விஷயம். அந்தப் பருவத்தில் வந்த சுற்றறிக்கைகளில் எனக்குப் பிடித்தது விமானிகளுக்கு வந்த ஒன்று: வெட்டுக்கிளி மோதிக் கண்ணாடி அழுக்கானால் வைப்பரைப் போடுமுன் யோசியுங்கள், கறை இன்னும் பரவிவிடும் என்றது அது. என்ன செய்யக் கூடாது, ஏன் கூடாது என்று ஒரே வரியில் சொல்லும் சுற்றறிக்கையை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

நிபுணர் யோசனைகள் வந்து குவியும். எல்லாவற்றையும் வரவேற்று ஒரு கோப்பில் போடுங்கள். 2020 பிப்ரவரியில் சீனா ஒரு லட்சம் வாத்துகளைப் பாகிஸ்தானுக்கு அனுப்புகிறது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஒரு வாத்து இத்தனை பூச்சி தின்னும், லட்சம் வாத்து எத்தனை தின்னும் என்று கணக்கெல்லாம் வந்தது. வாத்துக்குத் தண்ணீர் வேண்டும், பாலைவனத்தில் பகல் வெயில் தாங்காது என்று ஒரு சீனப் பேராசிரியரே சொல்லிக் கதையை முடித்துவைத்தார். பாகிஸ்தானின் ஒகாரா மாவட்டத்தில் நடந்தது இதைவிடப் புத்திசாலித்தனம். இரவில் உறைந்து கிடக்கும் பூச்சியை வலைபோட்டு அள்ளி வாருங்கள், கிலோவுக்கு 20 பாகிஸ்தான் ரூபாய் என்றார்கள். ஊரே கோணிப்பையோடு வந்தது. பூச்சி கோழித் தீவனமாகப் போனது. மருந்தடிக்காத இடத்தில் மட்டும் இது நடக்கும் என்பதால் நம் அலுவலகங்களுக்கு மிகவும் பொருந்தக்கூடிய திட்டம். மருந்து போய்ச் சேராத இடங்களுக்குப் பஞ்சமில்லை.

எல்லை விவகாரத்தில் மட்டும் ஜாக்கிரதை. பார்மேர் பக்கம் முனாபாவ், சிந்துப் பக்கம் கோக்ராபார். ஜூன் முதல் நவம்பர்வரை இரு நாட்டு வெட்டுக்கிளி அதிகாரிகளும் இங்கே மாறி மாறிச் சந்தித்து, உங்கள் பக்கம் எத்தனை, எங்கள் பக்கம் எத்தனை என்று சொல்லிக்கொள்வது பல பத்தாண்டுப் பழக்கம். அந்த வழியாக எல்லை தாண்டி ஓடிய தார் எக்ஸ்பிரஸ் ரயில் 2019 ஆகஸ்டில் நின்றுபோனது. தொற்றுக் காலத்தில் பேச்சு திரைக்குப் போனது. அந்த அதிகாரிகள் பேசிக்கொள்வது மழையும் காற்றும் முட்டையும்தான். அதனால் யாரும் கவனிப்பதில்லை. அதனாலேயே அது இத்தனை காலம் நடந்துவந்தது. நீங்கள் அதற்குப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து யாராவது விசாரித்தால் பதற்றப்பட வேண்டாம். 2019-ல் ‘காப்பான்’ படத்தில் டெல்டாவைப் பூச்சி மேய்ந்ததைப் பார்த்தவர்கள் மறு வருடம் ராஜஸ்தான் வீடியோக்களைப் பார்த்ததும் அரண்டுபோனார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடியை மொய்த்த பூச்சிகளைப் பார்த்து ஊரே கூடியது. அவை உள்ளூர் வெட்டுக்கிளிகள். எருக்கோடு அவற்றுக்குப் பழைய உறவு.

கடைசியாக நிவாரணம். பூச்சித் தாக்குதல் பேரிடர் நிவாரணப் பட்டியலில் இருக்கிறது, எனவே பணம் உண்டு. 33 சதவீதத்துக்குக் குறையாமல் பயிர் போயிருக்க வேண்டும். 2020-ல் இருந்த விதிப்படி மானாவாரி ஹெக்டேருக்கு 6,800 ரூபாய், பாசன நிலத்துக்கு 13,500. இரண்டு ஹெக்டேருக்கு மேல் கிடையாது. பட்வாரி வயலுக்கு வந்து பார்ப்பார். சீரகச் செடியில் இலையும் பூவும் போய்த் தண்டு மட்டும் நிற்கும். தண்டைக் கணக்கில் சேர்ப்பதா என்று அவர் யோசிக்கும் நேரத்தில் விவசாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். 32 என்று எழுதினால் பூஜ்யம், 33 என்று எழுதினால் பணம். பாலைவனத்து விவசாயிக்கு நிலம் பத்து ஹெக்டேர் இருக்கலாம். மழை இல்லாத ஊரில் அது பெரிய சொத்து ஒன்றும் இல்லை. மீதி எட்டு ஹெக்டேரை வெட்டுக்கிளி தின்னவில்லை என்று விதிக்கு நினைப்பு.

இதற்குள் உங்களுக்கு மாறுதல் உத்தரவு வந்திருக்கும். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் ஒவ்வொன்றாக எழுதுங்கள்: தெளிப்பான்கள், ஓடுபவை இத்தனை, ஓடாதவை இத்தனை, ட்ரோன், பேட்டரி இல்லாமல், மாலத்தியான், காலாவதித் தேதியோடு, ஜீப், தேர்தல் பிரிவில், அவசரகாலத் திட்டக் கோப்பு, அடி இழுப்பறையில். கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் எழுத வேண்டாம். புதிதாக வருகிறவருக்கு முதல் ஆறு மாதம் செய்ய ஒரு வேலை வேண்டாமா?